கொள்ளி வைப்பவன் வேறு, கையெழுத்துப் போடுபவர் வேறு

மூன்று வாரங்களுக்கு முன்பு நான்கு பக்கத்துக்கு ஒரு பத்திரம் எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி, பீரோவில் வைத்தேன். அன்றிலிருந்து என் மகன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறான், மாத்திரை போட்டாயா என்று கேட்கிறான், போனை வைத்துவிடுகிறான். நான் என்ன எழுதினேன் என்பதில் அவனுக்குப் பெரிய வருத்தமில்லை. யார் பெயரை எழுதினேன் என்பதில்தான் கோபம்.

எனக்கு நினைவு தப்பி, இனித் தேற வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லும் நிலை வந்தால், எந்தெந்தச் சிகிச்சை வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கிற பத்திரம் அது. லிவிங் வில் என்கிறார்கள். இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவர்கள் வாயில் 'கருணைக்கொலை' என்ற சொல் வந்துவிடுகிறது. பாதிப் பேரை விரட்ட அந்த ஒரு சொல் போதும். ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் நேற்றும் குற்றம், இன்றும் குற்றம். நான் கேட்டிருப்பது அதுவல்ல. போகிற உயிரை இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டிருக்காதீர்கள், அவ்வளவுதான்.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2016இல் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அவருக்கு 81 வயது. தபால்காரராக 34 ஆண்டுகள் சைக்கிள் மிதித்த உடம்பு. "படுக்காமல் கொள்ளாமல் போய்விட வேண்டும்" என்று டீக்கடையில், கோயில் திண்ணையில், ரேஷன் வரிசையில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பெற்ற பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு முறையும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. 19 நாள் வென்டிலேட்டரில் கிடந்தார்.

முதல் நாள் ஒரு நர்ஸ் என் கையில் பாலிதீன் உறை ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். உள்ளே அப்பாவின் பல்செட், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி. ஆக, அந்த 19 நாளும் அவருக்கு எதுவும் சரியாகத் தெரிந்திருக்காது, எதுவும் கேட்டிருக்காது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. அசைந்தது இடது கை மட்டும். குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று அந்தக் கையைத்தான் காஜ் துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள். மாலையில் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். நான் அந்த முடிச்சைத் தளர்த்துவேன். வெளியே வருவதற்குள் யாராவது வந்து இறுக்கிவிடுவார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள்.

பத்தாம் நாள், தொண்டையில் துளையிட வேண்டும் என்று டாக்டர் எங்களை அழைத்தார். "உங்கள் வீட்டில் முடிவெடுப்பவர் யார்?" என்று கேட்டார். சித்தப்பா சுவரைப் பார்த்தார். அம்மா முந்தானையைப் பார்த்தாள். மஸ்கட்டிலிருந்து அண்ணன் போனில், "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் செய்யச் சொல்" என்றான். கையெழுத்துப் போட்டது நான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் 'அப்பனைக் கொன்றவள்' என்ற பெயர் பதினாறாம் நாள் காரியத்தோடு தீர்ந்துபோயிருக்காது. அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். தூரத்தில் இருப்பவனுக்குப் பாசத்தைக் காட்டப் பணத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

அப்பா எழுதி வைத்திருந்தாலும் அன்று அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பல ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்றது. காமன் காஸ் என்ற அமைப்பு 2005இல் போட்ட மனுவில் 2018 மார்ச் 9 அன்றுதான், கண்ணியமாக இறப்பதும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்து, இப்படி எழுதி வைப்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் மாஜிஸ்திரேட் மேலொப்பம் போட வேண்டும் என்றார்கள். சாக ஆசைப்படுகிறவனைத் தவிர யார் அந்தப் படியேறுவார்கள்? 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நம் சார்பில் பேசுபவர் பெயரை அதில் எழுத வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களும் எழுதலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

சட்டம் எளிதாகிவிட்டது, ஊர் எளிதாகவில்லை. சாட்சிக் கையெழுத்துக்குக் காலையில் என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் இருவரைக் கேட்டேன். ஒருவர் உடனே போட்டார். இன்னொருவரின் மனைவி, "வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என்ன பேச்சு இது" என்று காபி டம்ளரை நங்கென்று வைத்தார். வேறு ஆளைத் தேடிக்கொண்டேன். நோட்டரி வக்கீல் நான்கு பக்கத்தையும் புரட்டிவிட்டு, "சொத்து விவரம் எங்கே அம்மா?" என்றார். சொத்து இல்லை, உடம்புதான் என்றேன். ஒரு நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். எந்தப் பிரிவில் வாங்குவது என்று அவருக்கே தெரியவில்லை. யோசித்துவிட்டு, "பிறப்பு இறப்புப் பிரிவில் கொடுங்கள்" என்றார். இன்னும் இறக்கவில்லையே ஐயா என்றேன். இருவரும் சிரித்தோம். கடைசியில் வரவு முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். அந்த நகல் இப்போது எந்தக் கட்டுக்குள் இருக்கிறதோ.

சொத்துக்கு ஆசைப்பட்டுக் கிழவர்களைத் தீர்த்துக்கட்ட இது வழிசெய்யாதா என்று கேட்கிறார்கள். அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். கையில் காசில்லாத விதவைத் தாய்மார்கள் எத்தனை வீடுகளில் பாரமாகக் கிடக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் என் வாயால் பேச முடிகிற வரை அந்தப் பத்திரத்துக்கு வேலையே இல்லை. டாக்டர் என்னைத்தான் கேட்க வேண்டும். பேச முடியாமல் போனாலும், நான் பெயர் எழுதியவர் தனியாக எதையும் செய்துவிட முடியாது. முதலில் ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழு பார்க்க வேண்டும், அதன் பிறகு வெளி டாக்டரையும் சேர்த்த இரண்டாவது குழு பார்க்க வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். பத்திரமே இல்லாத வீடுகளில் இன்று என்ன நடக்கிறது? பணம் தீர்ந்த அன்று, "எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஆம்புலன்ஸில் ஒரு பையன் மூச்சு கொடுக்கிற ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே வருகிறான். வீட்டு வாசலில் இறக்கியதும், உறவுக்காரர்கள் எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்டுவிட்டுக் கையை எடுக்கிறான். எந்தக் குழுவும் இல்லை, வலிக்கு ஒரு மருந்தும் இல்லை. கேள்வி கேட்க வேண்டியது அதைத்தான்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மகன் பெயரை எழுதவில்லை. தங்கை மகள் பெயரை எழுதினேன். "நீ பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போது அவள் யார்?" என்றான் மகன். நியாயமான கேள்வி. அவன் என்மேல் உயிரையே வைத்திருக்கிறான், அதனால்தான் எழுதவில்லை. ஐசியூ வாசலில் நான்கு உறவினர்கள் சுற்றி நின்றால் அவன் கிணற்றடி நிலத்தை விற்றுவிட்டு வந்து நிற்பான். சாகிறவருக்காக முடிவெடுக்க அதிகம் அழுகிறவர் தேவையில்லை, ஊர் வாயைத் தாங்குகிறவர் தேவை. கொள்ளி வைக்கிற உரிமை அவனுடையதுதான், அதை யாரும் பறிக்கவில்லை. அந்த உரிமைக்குள் என் மூச்சுக்குழாயையும் சேர்த்துவிட்டதுதான் நம் வழக்கம் செய்த குளறுபடி. இரண்டு பேரையும் எழுதியிருக்கலாமே என்று கேட்கிறார்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்பாவுக்கு நாங்கள் நின்றதுபோல.

என்னென்ன வேண்டாம் என்று எழுத அரைப் பக்கம்தான் ஆயிற்று. என்ன வேண்டும் என்பதற்குத்தான் மிச்சப் பக்கங்கள் போயின. வலி தெரியக் கூடாது. வாய் உலர்ந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கையைக் கட்டக் கூடாது. கண்ணாடியைக் கழற்றி உறையில் போடக் கூடாது. இதையெல்லாம் எழுத வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நானாக எழுதினேன்.

தங்கை மகள் ரயில்வேயில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். பத்திரத்தை இரண்டு முறை படித்தாள். கண் கலங்கவில்லை. "பெரியம்மா, மூக்கு வழியாகக் கஞ்சி கொடுக்கிற குழாய் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே. அது வேண்டுமா, வேண்டாமா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. சோறு போடாதே என்று எழுத இன்னும் கை வரவில்லை. இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் ஆகிறது. முடிவு செய்ததும் பழையதை ரத்து செய்து புதிதாக எழுத வேண்டும், மறுபடியும் இரண்டு சாட்சி பிடிக்க வேண்டும், அதே நோட்டரியிடம் போக வேண்டும். அவர் இந்த முறையும் சொத்து விவரம் கேட்பார்.