காகிதச் சிங்கமா? சரி, பேசுவோம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டல்லாஸ் அண்ணன் போட்ட பதிவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காகிதத்தில் மடித்த சிங்கம், கீழே “சொந்த வீட்டுலயே கிழிஞ்சிடுச்சு” என்று ஒரு வரி. 2025 ஜனவரி 18, சனிக்கிழமை ராத்திரி அமெரிக்க ஃபுட்பால் பிளேஆஃபில் (தோற்றால் வெளியே என்ற கடைசிச் சுற்றுகள்) எங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் சொந்த மைதானத்தில் வாஷிங்டனிடம் தோற்றதற்கான கிண்டல் அது. அதற்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இங்கே டெட்ராய்ட் பக்கம் நோவையிலும் டிராயிலும் என் வீட்டுக்குப் பத்து மைலுக்குள் இருப்பவர்கள். டிசம்பரில் லயன்ஸின் நீல ஜெர்சி போட்டுக் குடும்பப் படம் எடுத்தவர்களும் அதில் உண்டு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான். லீக்கில் இரண்டு பிரிவு, பிரிவுக்கு ஒரு நம்பர் ஒன். எங்கள் பிரிவில் அந்த நம்பர் ஒன் இடம் 17 ஆட்டம் ஆடிச் சம்பாதித்தது. சனிக்கிழமை ராத்திரி மூன்று மணி நேரம் சொதப்பியதால் அந்த 17 ஆட்டமும் பொய்யாகிவிடாது. 15 வெற்றி, 2 தோல்வி, 564 பாயிண்ட். லீக்கில் வேறு யாரும் அத்தனை எடுக்கவில்லை.

தோற்கவில்லை என்றா சொல்கிறேன்? 45-31, நன்றாகவே தோற்றோம். பந்தை ஐந்து முறை எதிராளிக்குத் தாரை வார்த்தோம். நம் பக்கம் பந்து எறியும் ஜாரெட் காஃப் மூன்று இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிராளி பிடித்துவிடுவது), போதாததற்கு ஒரு ஃபம்பிள் (கையிலிருந்து நழுவுவது). ஒன்றை குவான் மார்ட்டின் பிடித்து நேராக டச்டவுனுக்கே (எல்லைக்கோட்டைத் தாண்டி பாயிண்ட் எடுப்பது) ஓடிவிட்டார். எதிரில் இருந்ததோ முதல் வருஷப் பையன், ஜேடன் டேனியல்ஸ். பார்க்கில் காற்று வாங்க வந்தவர் மாதிரி 299 யார்டு எறிந்துவிட்டுப் போனார். நானும் கண்ணால் பார்த்தேன் அண்ணே. “ஏங்க, மணி பன்னெண்டு ஆவுது, டிவிய அணைச்சிட்டுப் படுங்க” என்று மனைவி இரண்டு முறை சொல்லும்வரை அணைத்த திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் தோற்பது வேறு, காகிதம் என்பது வேறு.

2011-ல் 15 வெற்றி, 1 தோல்வி (15-1) என்று வந்த கிரீன் பே, தன் மைதானமான லாம்போவில் 9-7 ஜயன்ட்ஸிடம் 37-20 என்று உதை வாங்கியது. அந்த ஜயன்ட்ஸ்தான் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலையே வாங்கியது. அதற்கு முந்தைய சீசனில் நியூ இங்கிலாந்து, அட்லான்டா என்று இரண்டு நம்பர் ஒன் அணிகளும் ஒரே வார இறுதியில் சொந்த மண்ணில் காலி. 2019-ல் பால்டிமோர் 14-2, அதன் லமார் ஜாக்சன் அந்த வருஷ எம்விபி (சிறந்த வீரர்); டென்னசி வந்து 28-12 என்று முடித்துவிட்டுப் போனது. 2022 ஜனவரி 22 இன்னும் கொடுமை. மதியம் டென்னசி, ராத்திரி கிரீன் பே, இரண்டு நம்பர் ஒன்னும் ஒரே நாளில் வெளியே. டென்னசி அன்று எதிரணி சின்சினாட்டியின் ஜோ பர்ரோவை ஒன்பது முறை தரையில் சாய்த்தும் தோற்றது. கிரீன் பேயை எதிர்த்து ஆடிய சான் பிரான்சிஸ்கோவின் தாக்கும் படை ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. கிரீன் பே உதைத்த பந்தை (பன்ட்) தடுத்து எடுத்ததை வைத்தே 13-10. இவர்கள் எல்லாம் காகிதமா?

அப்புறம் 2016-ல் 13-3 என்று நம்பர் ஒன்னாக வந்து, சொந்த மைதானத்தில் முதல் ஆட்டத்திலேயே 34-31 என்று தோற்ற அணி எது அண்ணே? 2007-ல்? ரெண்டும் உங்கள் ஊர்தான். நான் அப்போது ஏதாவது மடித்துப் போட்டேனா?

“ஒரு வாரம் ஓய்வு, வீட்டு மைதானம், இதுக்கு மேல என்ன வேணும்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நம்பர் ஒன் அணி முதல் சுற்று ஆடவேண்டாம், அதைச் சொல்கிறார். அந்த ஓய்வு எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் வருஷா வருஷம் பொங்கலுக்குக் கபடிப் போட்டி. முந்தின வருஷம் சுழற்கோப்பை எங்களுடையது, போட்டி நடத்துவதும் நாங்கள், அதனால் முதல் சுற்று ‘பை’. நேரே கால் இறுதி. எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். பகல் முழுக்க நாங்கள் என்ன செய்தோம்? சுண்ணாம்புக் கோடு போட்டோம், டியூப்லைட் கட்டினோம், வெளியூர் டீம்களுக்குச் சாம்பார் சாதம் பரிமாறினோம். எங்கள் முறை வந்தபோது ராத்திரி ஒன்றரை மணி. நான் வலது கார்னர். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போயிருந்தது. எதிரில் வந்தவர்கள் மினி லாரியில் வந்து அன்றைக்கே ஒரு ஆட்டம் ஆடி முடித்தவர்கள். உடம்பெல்லாம் மண், மூச்சு இன்னும் அடங்கவில்லை. முதலில் பாடி வந்தவனின் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தேன். கையில் கிடைத்தது மண்தான். மைக்கில் எங்கள் சித்தப்பாவே, “உள்ளூர் அணி இன்னும் முழிக்கல போல” என்றார். ஊரே சிரித்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள். கோப்பை வாங்கிய வருஷத்தை யாரும் கேட்பதில்லை.

லயன்ஸ் ஜனவரி 5-ம் தேதி மினசோட்டாவை 31-9 என்று அடித்த பிறகு 13 நாள் சும்மா இருந்தார்கள். வாஷிங்டன் அதற்கு நடுவில் டம்பா வரை போய், கடைசி உதை கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்து ஜெயித்துவிட்டு வந்தது. ஓய்வு எடுத்த அணிகள் ஜெயித்ததே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய ஜெயித்திருக்கிறார்கள், போன மாசம்வரை நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, அதை விடுங்கள்.

“காயத்தைச் சாக்குச் சொல்லாதே.” இதைத்தான் தாங்க முடியவில்லை. ஏய்டன் ஹட்ச்சின்சன் கால் முறிந்தது எந்த ஆட்டத்தில்? அக்டோபரில், டல்லாஸில், உங்கள் மைதானத்தில். 47-9 என்று நாம் ஜெயித்த ஆட்டத்தில். டிசம்பரில் அலிம் மெக்நீலுக்கு முழங்கால் போனது. சனிக்கிழமை ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் அமிக் ராபர்ட்சனுக்குக் கை முறிந்தது. வாரா வாரம் ஒருவர் ஊன்றுகோலோடு ஓரத்தில் நிற்க, மிச்சம் இருந்தவர்களை வைத்து 15 ஆட்டம் ஜெயித்தார்கள். காரணம் வேறு, சாக்கு வேறு. சாம்பாரில் உப்பு இல்லை என்றால் ருசி இல்லாததற்கு அது காரணம், சாக்கு இல்லை.

நாலாவது கால் பகுதியில் ஜேமிசன் வில்லியம்ஸைப் பந்து எறியச் சொன்னதை மட்டும் நான் தாங்கிப் பேசப் போவதில்லை. ஓட வேண்டியவன் ஓடவேண்டும். முதல் பாதியில் 61 யார்டு ஓடி டச்டவுன் போட்ட பையனிடம் எறி என்றால் என்ன நியாயம்? அதைப் பிடித்தது யார்? மைக் செய்ன்ரிஸ்டில், பக்கத்தில் இருக்கும் நம் ஆன் ஆர்பரில் படித்து ஆடிய பையன். அன்று அவன் பிடித்த இரண்டாவது பந்து அது. வளர்த்த கடா மார்பில் பாய்வது என்றால் இதுதான். அந்த ஆட்டத்துக்குத் திட்டம் போட்ட பென் ஜான்சன் ஆட்டம் முடிந்த இரண்டே நாளில் சிகாகோவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகக் கிளம்பிவிட்டார். நம் டிவிஷன், அதாவது லீக்கில் நம் சின்னக் குழுதான். இனி வருஷத்துக்கு இரண்டு முறை அவரைப் பார்க்கவேண்டும். நல்லா இருக்கட்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று ஒரு தம்பி கேட்டான். நான் 2008-ல் இந்த ஊருக்கு வந்தேன். அந்த வருஷம் லயன்ஸ் ஆடிய 16 ஆட்டத்திலும் தோற்றது. அடுத்த வருஷம் ஜிஎம் கார் கம்பெனி திவால், நான் வேலை பார்த்த பார்ட்ஸ் கம்பெனியில் என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். அப்போதும் இதே அண்ணன்தான் போன் செய்தார். “டெட்ராய்ட் செத்துப்போச்சுடா, டெக்சாஸ் வந்துடு.” அன்பாகத்தான் சொன்னார், இல்லை என்று சொல்லமாட்டேன். நான் போகவில்லை. 2013-ல் நகராட்சியே திவாலானது, அப்போதும் போகவில்லை. 2024 ஜனவரியில் ராம்ஸை 24-23 என்று ஜெயித்தபோது, 32 வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பிளேஆஃப் வெற்றி அது, என் மகள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து “யாருக்கு என்னாச்சுப்பா?” என்று பயந்துபோய்க் கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

அதனால் காகிதம் என்று சொன்னால் எனக்கு ஃபுட்பால் மட்டும் காதில் விழுவதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அசெம்பிளி லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லயன்ஸின் பழைய மைதானமான பான்டியாக் சில்வர்டோம் காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார். 1992 ஜனவரியில் இதே வாஷிங்டனிடம் 41-10 என்று தோற்ற கதையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். ஞாயிறு காலை கடும் குளிரில், பனி உருகத் தூவும் உப்பு வாளியோடு வெளியே வந்தார். கனத்த கோட்டுக்கு மேலே இழுத்து மாட்டிய பழைய 20-ம் நம்பர் ஜெர்சி, லயன்ஸின் பழைய நட்சத்திரம் பாரி சாண்டர்ஸுடையது, தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. அன்றைக்கு 1992 பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தன் வாசலுக்குத் தூவிவிட்டு என் வாசலுக்கும் தூவிவிட்டு உள்ளே போய்விட்டார். கொடியை இன்னும் இறக்கவில்லை, இப்போதும் ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

அண்ணே, கமெண்ட்டுக்கு வாங்க. உங்கள் அணி 2024 சீசனில் 7-10. அடுத்த ஞாயிறு உங்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை.