முதல் பேஸுக்கு யார் போவது?

காலையில் எழுந்து போனைத் திறந்தால் மறுபடியும் அதே வீடியோ. அனுப்பியவன் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகன். நான் நியூயார்க் யாங்கீஸ் பக்கம். கூடவே கண்ணீர் விட்டுச் சிரிக்கிற மூஞ்சி மூன்று. பல் கூடத் தேய்க்கவில்லை, அதற்குள் ஐந்தாவது இன்னிங்ஸ்.

எந்த ஐந்தாவது இன்னிங்ஸ் என்று கேட்கிறவர் யாங்கீஸ் ரசிகர் இல்லை. நல்லா இருங்கள், நிம்மதியாகப் போங்கள். மற்றவர்கள் உட்காருங்கள், சேர்ந்தே அழுவோம்.

2024 அக்டோபர் 30, நியூயார்க்கின் பிராங்க்ஸ், எங்கள் மைதானம். நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை என்கிற வேர்ல்ட் சீரிஸில் டாட்ஜர்ஸிடம் 3-1 என்று பின்தங்கியிருக்கிறோம். ஆனால் அன்றைக்கு 5-0 முன்னிலை. ஜட்ஜ் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலி தாண்டிய அடி), அடுத்த ஆளே சிஸம் ஹோம் ரன், மூன்றாவது இன்னிங்ஸில் ஸ்டாண்டன் ஹோம் ரன். எங்கள் பிட்சர், அதாவது பந்து எறிகிறவர், கெரிட் கோல் நான்கு இன்னிங்ஸ் முடிய ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. நான் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கப்போகும் ஆறாவது ஆட்டத்துக்கு எத்தனை மணிக்கு டிவி முன்னால் உட்காருவது என்று யோசிக்கவே தொடங்கிவிட்டேன். என் வாய்க்கு அன்றைக்கே பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

ஐந்தாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸின் கிகே ஹெர்னாண்டஸ் ஒரு சிங்கிள், அதாவது அடித்து முதல் பேஸுக்கு வந்துவிட்டார். சரி, போகட்டும். அடுத்து எட்மன் அடித்த பந்து நேராக சென்டர் ஃபீல்டில் நிற்கும் ஜட்ஜிடம் போகிறது. முந்தின இன்னிங்ஸில்தான் மனிதர் சுவரில் போய் மோதி ஃப்ரீமன் அடித்ததைப் பறித்திருந்தார். இது அப்படி இல்லை. சின்னப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு கொடுப்பது போல வந்த பந்து. ஒரு கண் பந்தில், ஒரு கண் ரன்னரில். பந்து கையுறைக்குள் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, புல்லுக்குப் போய்விட்டது. அந்த சீசனில் 58 ஹோம் ரன் அடித்த கை அது!

அடுத்து ஸ்மித் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்) பக்கம் தட்டினார். வோல்பி எடுத்தார். 2023-இல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் வாங்கிய பையன். மூன்றாவது பேஸுக்கு எறிந்தார். பந்து சிஸமுக்கு முன்னால் மண்ணில் குத்தி, கிடைத்த வழியில் போனது. முந்தின நாள்தான் வோல்பி கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்க ஹோம் ரன்) அடித்து ஊரைத் தூக்கி நிறுத்தியிருந்தான், அதனால் முழு மனதோடு திட்டவும் முடியவில்லை. பேஸ் மூன்றும் நிரம்பிவிட்டது, ஒரு அவுட் கூட இல்லை.

இங்கேதான் கோல் மேல் எனக்கு மரியாதை பொங்கியது, ஒரு மூன்று நிமிடம். லக்ஸ் பந்தை அடிக்க முடியாமல் ஸ்டிரைக் அவுட். ஓடானி, அந்த வருடம் 54 ஹோம் ரன் அடித்த அதே ஓடானி, ஸ்டிரைக் அவுட். மூன்று அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது, இன்னும் ஒரே ஒரு அவுட். வீட்டில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பெட்ஸ் அடித்த பந்து அடித்தது மாதிரியே இல்லை. சந்தையில் கூடையிலிருந்து விழுந்த எலுமிச்சம்பழம் மாதிரி சுழன்று சுழன்று முதல் பேஸ் பக்கம் உருண்டது. ரிஸோ பின்னால் நின்று பிடித்தார். இப்போது பிட்சர் என்ன செய்ய வேண்டும்? பந்து அந்தப் பக்கம் போனால், முதல் பேஸுக்கு ஓடி, அடித்தவர் வருவதற்குள் ரிஸோ எறிவதை அங்கே வாங்க வேண்டும். யோசிக்கவே வேண்டாம், ஓட வேண்டும். 20 மீட்டர் கூட இல்லை. ஒவ்வொரு பிப்ரவரியும் டாம்பா பயிற்சி முகாம் வெயிலில் இதை மட்டுமே நாள்கணக்கில் ஓட விட்டுப் பழக்குகிறார்கள். அந்த அவுட் கிடைத்திருந்தால் மூன்றாவது பேஸிலிருந்து வந்த ரன்னும் செல்லாது. ஸ்கோர் 5-0. கதை முடிந்தது.

கோல் ரெண்டு எட்டு வைத்தார். நின்றார். ரிஸோவைப் பார்த்துக் கையை நீட்டினார். கல்யாணப் பந்தியில் "சார் அந்த வரிசையில் உட்காருங்க" என்பார்களே, அதே கை. ரிஸோ கையில் பந்தோடு, வரவேண்டிய ஆளைத் தேடினார். பெட்ஸ் மட்டும் யாரையும் தேடவில்லை, ஓடினார். முதல் பேஸில் யாரும் இல்லை. கோலுக்கு 32.4 கோடி டாலர் ஒப்பந்தம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தத் தூரத்துக்கு ஆட்டோ வைத்துக் கொடுத்திருந்தால் கூட மிச்சம் வந்திருக்கும்.

இதில் எரிச்சல் என்ன தெரியுமா? ஸ்கோர் புத்தகத்தில் அது பிழையே இல்லை. பெட்ஸுக்கு சிங்கிள் என்று எழுதிவிட்டார்கள், ஒரு ரன். ஃப்ரீமன் அடித்து ரெண்டு ரன், டியோஸ்கார் ஹெர்னாண்டஸ் அடித்து ரெண்டு ரன், 5-5. அந்த ஐந்தில் ஒன்று கூட கோலின் சராசரியில் ஏறவில்லை, ஐந்தும் ஃபீல்டர்கள் தலையில். என் ரத்த அழுத்தத்தை யார் தலையில் எழுதுவது?

அப்புறம் நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. ஆறாவதில் நம்மவர்கள் 6-5 என்று மறுபடி ஏறி ஆசை காட்டினார்கள். எட்டாவதில் டாட்ஜர்ஸுக்கு ரெண்டு சாக்ரிஃபைஸ் ஃப்ளை (அடித்தவர் அவுட், ஆனால் மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி வந்து ரன்), நடுவில் நம் கேட்சர் கையுறை ஓடானியின் பேட்டில் பட்டு, அவருக்கு பேஸ் இலவசமாகக் கிடைத்த கூத்து வேறு. அவர்களுக்கு 7-6. கடைசி இன்னிங்ஸுக்கு வாக்கர் புயூலர் வந்தார், ரெண்டு நாள் முன்னால்தான் மூன்றாவது ஆட்டத்தைத் தொடங்கிப் போட்ட ஆள். நம்மவர்கள் அவருக்கு ரொம்ப மரியாதையாக வரிசையில் வந்து அவுட் ஆகிப் போனார்கள்.

அந்த டிசம்பரிலேயே நம் நட்சத்திரம் சோட்டோ 76.5 கோடி டாலருக்கு 15 வருடம் மெட்ஸ் பக்கம் போய்விட்டார். அதே ஊர், வேறு சட்டை. 2025-இல் கோல் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டு வருடம் முழுக்க ஆடவில்லை. ஜட்ஜ் .331 சராசரி, 53 ஹோம் ரன், மூன்றாவது முறையாக எம்விபி, அதாவது மிகச் சிறந்த வீரர் விருது. அணி? 2024-இல் 94 வெற்றி, 68 தோல்வி. 2025-இல் 94 வெற்றி, 68 தோல்வி. ஜெராக்ஸ் எடுத்த மாதிரி! டொரான்டோவும் அதே 94, ஆனால் நேருக்கு நேர் ஆட்டங்களில் அவர்கள் கை ஓங்கியதால் பிரிவில் முதலிடம் அவர்களுக்கு. பிளே ஆஃபில் வெளியே அனுப்பியதும் அதே டொரான்டோதான். கோப்பை யாருக்கு? மறுபடியும் டாட்ஜர்ஸுக்கு. அதனால்தான் அவன் இன்னும் வீடியோ அனுப்பிக்கொண்டே இருக்கிறான். நாம் 27 கோப்பை என்று பதில் அனுப்புகிறோம், கடைசியாக வாங்கியது 2009 என்று அவன் திருப்பி அனுப்புகிறான்.

இன்று அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். ஆறாவது தடவையில் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கை நீட்டலைப் பார்த்துத்தான். பாருங்கள், ஒரு ராஜா மாதிரி காட்டுகிறார் மனிதர்.

சரி, ஒரு காபி போடலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். பால் கேன் இருக்கிறது. தூக்கினால் காற்று மாதிரி வருகிறது. அடியில் அரை ஸ்பூன். இந்த வீட்டில் நாலு பேர் இருக்கிறோம். காலி கேனை மூடி போட்டு, திரும்ப உள்ளே வைத்தது யார்? கூடத்தில் மூன்று பேரிடமும் கேட்டேன். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.