அளந்து சொன்ன பெண்ணைத் திட்டினால் கிணறு ஊறிவிடுமா?

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு மறுபடியும் ஒரு நண்பர் அதை எனக்கே அனுப்பி, "உங்க டிபார்ட்மெண்ட் லட்சணத்தைப் பாருங்க சார்" என்று எழுதியிருந்தார். இனி சும்மா இருக்க முடியாது.

எந்த வீடியோ என்று உங்களுக்கே தெரியும். கல்குவாரிக்கான கருத்துக் கேட்புக் கூட்டம். மைக்கைப் பிடித்த ஒரு தம்பி, நான் வேலை பார்த்த நிலத்தடி நீர்த் துறையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, "குவாரிக்காரன் உனக்கு எவ்வளவு கொடுத்தான்?" என்று கேட்கிறார். பந்தலே கை தட்டுகிறது. அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது.

அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை. கம்பெனி தரப்பு ஆலோசகர் அந்தப் பெண்ணின் அறிக்கையிலிருந்து ஒரே ஒரு வரியைப் படித்தார்: இதுவரை எடுத்த அளவுகளில் நீர்மட்டத்தில் பெரிய சரிவு தெரியவில்லை. படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது, நான் போய் முழுதும் படித்தேன். அடுத்த வரியிலேயே, இவை மழை முடிந்த மாதங்களில் மட்டும் எடுத்த அளவுகள் என்றும், குழி நீர்மட்டத்துக்குக் கீழே போவதற்கு முன் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆலோசகர் அதைப் படிக்கவில்லை. தம்பியும் படிக்கவில்லை. கை தட்டிய யாரும் படிக்கவில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அறிக்கையை முழுசாகப் படியுங்கள். குவாரியை எதிர்க்கிறவர்களுக்குத்தான் இதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தேவையான ஆயுதம் அந்த இரண்டாவது வரியில் இருக்கிறது.

நம் மாவட்டம் கடினப்பாறைப் பகுதி. இங்கே தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. குவாரிக் குழி ஆழமாகப் போய் ஒரு வெடிப்பை அறுத்துவிட்டால், ஊற்று முழுவதும் குழிக்குள் இறங்கும். வேலை நடக்க வேண்டுமே என்று அதை பம்ப் வைத்து வெளியே இறைப்பார்கள். அந்த வெடிப்பு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசைக் கிணறுகள் வற்றும். பக்கத்திலேயே இருக்கும் கிணறு தப்பிக்கலாம், தள்ளி இருக்கும் கிணறு காயலாம். அதைப் பார்த்து கம்பெனி, "பக்கத்துக் கிணறே நல்லா இருக்கு, அது எப்படிக் காயும்?" என்று கேட்கும். குழி வெட்டும் முன் பல வருடம் அளந்த கணக்கு இருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் எந்தக் கிணறும் நிறைவாகத்தான் தெரியும். மே மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். ஆனால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு மழைக்காலம் அல்லாத ஒரே ஒரு பருவத்தின் அளவு போதும் என்று வைத்திருக்கிறார்கள். கோபப்பட வேண்டியது இதைப் பார்த்துத்தான்.

"பணியில் இருந்தபோது நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று கேட்பீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 என்று ஒன்று இருக்கிறது. பத்திரிகையிடம் இஷ்டத்துக்குப் பேச முடியாது. எழுத வேண்டியதை எல்லாம் கோப்பில் எழுதினேன். மேலே போன பிறகு அந்தக் குறிப்பு என்ன ஆனது என்பது என் கையில் இல்லை. உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் ரத்து செய்வதும் எங்கள் வேலையே இல்லை. அளந்து சொல்வது மட்டும்தான்.

துறையில் லஞ்சம் வாங்குபவர்களே இல்லையா என்றால், இருப்பார்கள். எந்தத் துறையில் இல்லை? அதற்காக, வெயிலில் கிணறு கிணறாக ஏறி இறங்கும் ஒரு பெண்ணை ஊர் நடுவில் நிறுத்தி விலை கேட்பீர்களா?

அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. டேப்பை இறக்கினால் பாதியில் சிக்கும், நீர்மட்டம் அளக்கப் பதித்த பீசோமீட்டர் குழாய்க்குள் யாரோ கல்லைப் போட்டிருப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் எடுக்கிற அளவு பொய்யாகிவிடும். கெஞ்சி நிறுத்தச் சொல்லி, நீர்மட்டம் பழையபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை அப்படிக் காத்திருந்தபோது ஒரு ஆயா கேட்டார், "மாசாமாசம் வந்து எழுதிட்டுப் போறியே தம்பி, நீ எழுதுனா தண்ணி வருமா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது எனக்கு வலித்தது, ஆனால் கோபம் வரவில்லை. அவர் கிணறு காய்ந்திருந்தது. அந்த வீடியோவைப் பகிர்ந்த உங்களில் எத்தனை பேர் வீட்டுக் கிணறு காய்ந்திருக்கிறது?

அப்புறம், எல்லாரும் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துவது நெய்வேலியை. "அங்கே உங்கள் அளவீடு எதைத் தடுத்தது?" சரி, அதையும் பேசுவோம். 1961-இல் பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு முன்பே அங்கே இரவு பகலாகத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நிலக்கரிக்கு அடியில் இருக்கும் நீர்த்தாங்கி, அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் நில அடுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளுகிறது. இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் வந்துவிடும். அந்த நீர்த்தாங்கிக்கு மழைநீர் இறங்குவது மேற்கே, விருத்தாசலம் பக்கம் மணற்கல் வெளியே தெரியும் நிலத்தில். கிழக்கே கடல். அழுத்தம் குறையக் குறைய உப்புநீர் உள்ளே வரும் ஆபத்து இருக்கிறது. சுற்றுவட்டார போர்வெல்களும் அதே தண்ணீரைத்தான் இழுக்கின்றன. மட்டம் இறங்கியதில் சுரங்கத்தின் பங்கு எவ்வளவு, விவசாய மோட்டாரின் பங்கு எவ்வளவு என்று எதை வைத்துப் பிரிப்பீர்கள்? யாரோ மாதாமாதம் அளந்து எழுதி வைத்ததை வைத்துத்தான். அது இல்லையென்றால் நஷ்டஈடு கேட்கக்கூட கையில் காகிதம் இருக்காது.

அளவீடு எதையும் தடுக்கவில்லை என்றால், அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தவரைக் கேளுங்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரைக் கேளுங்கள். ஒற்றை வரியைப் படித்த ஆலோசகரைக் கேளுங்கள். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அவர் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸில் வந்த பெண்தான் உங்களுக்குக் கிடைத்தாள்.

நேற்று அவளிடம் பேசினேன். மகள் படிக்கும் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவிலும் அந்த வீடியோ வந்துவிட்டதாம். இடமாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் போய்விட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்கும், வருகிற மே மாதம் அந்தக் கிணறுகளை அளக்க ஆள் இருக்காது. குவாரிக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அந்த இரண்டாவது வரி ஏறியிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஏறவில்லை என்றால் கலெக்டரிடம் மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். மைக்கைப் பிடித்த தம்பி, உனக்கும்தான்.