நெய்மாரைப் பார்சிலோனா விரும்பி விற்கவில்லை
பிரேசில் கால்பந்து வீரர் நெய்மார் ஸ்பெயினின் பார்சிலோனா அணியை விட்டுப் போனதைப் பற்றி, "பணத்தாசையில் நெய்மாரை விற்றுப் பார்சிலோனா கெட்டது" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 2017 ஆகஸ்டில் பாரிஸ் அணிக்காகக் கட்டப்பட்ட 22.2 கோடி யூரோ, ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்த விடுவிப்புத் தொகை என்பதால், அதைக் கட்டிய பின் வீரரைத் தடுக்கும் உரிமை பார்சிலோனாவுக்கு இல்லை.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. மேலப்பாளையம் சந்தைக்குப் போய், மடியில் இருக்கும் பணத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே கிடாய்க்கு விலை கேட்டால் என்ன ஆகுமோ, அதுவே ஆயிற்று. கையில் பணம் இருப்பது தெரிந்து விற்பவர்கள் விலையை ஏற்ற, நெய்மாருக்கு மாற்றாக வாங்கிய வீரர்களில் டெம்பெலேவுக்கு 10.5 கோடி யூரோவும் கூட்டின்ஹோவுக்கு அதற்கு மேலும் கொடுத்தார்கள். டெம்பெலே வந்த அடுத்த மாதமே தொடைத் தசைநார் கிழிந்து மாதக்கணக்கில் ஆடவில்லை. கூட்டின்ஹோவோ 2019-இல் ஜெர்மனியின் பேயர்ன் அணிக்கு இரவலாகப் போய், 2020-இல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியில் பேயர்ன் 8–2 என்று வென்ற ஆட்டத்தில், கடைசிக் கால் மணி நேரத்துக்கு மாற்று வீரராக இறங்கிப் பார்சிலோனாவுக்கு எதிராகவே இரண்டு கோல் அடித்தார். (நம் ஊர்க் கணக்கில் நள்ளிரவு கடந்த நேரம், பாளையங்கோட்டையில் எங்கள் கூட்டம் போனை அணைத்துவிட்டுப் படுத்தது.)

பாரிஸுக்கும் இது முழு லாபம் அன்று. அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அதே பேயர்னிடம் 0–1 எனத் தோற்றார்கள். சாம்பியன்ஸ் லீக் கோப்பை, நெய்மார் 2023-இல் விலகிய பின், 2025-இல்தான் கிடைத்தது, அதுவும் பாரிஸுக்கு மாறியிருந்த அதே டெம்பெலே ஆடிய அணிக்கு.