வெந்நீர் பாட்டில் வேண்டாமே

பச்சைக் குழந்தை சில்லிட்டுப் போனால் வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைக்கலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திருத்துங்கள். இருபது வருஷமாகப் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அந்தப் பாட்டில் சுட்டுக் கொப்புளித்த தோலைப் பார்த்திருக்கிறேன்.

ஊட்டிப் பக்கம், ஒரு டிசம்பர் விடியற்காலை. ஜீப்பிலேயே பிறந்த குழந்தையை ஈரத் துண்டோடு தூக்கிவந்தார்கள். அழவில்லை, பால் குடிக்கவில்லை. கன்னம் மட்டும் சிவந்திருந்தது. "நல்ல கலராத்தானே இருக்கான்" என்றார் பாட்டி. அந்தச் சிவப்புதான் ஆளை ஏமாற்றும். சாதாரண பாதரச தெர்மாமீட்டர் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காட்டாது. குறைந்த சூட்டையும் காட்டுகிற கருவியில் பார்த்தால் 31! (32க்குக் கீழே போனாலே கடுமையான நிலை.) துடைத்து, தொப்பி மாட்டி, வார்மரில் (குழந்தைக்குச் சூடு கொடுக்கும் கருவி) போட்டோம். சர்க்கரையும் இறங்கியிருந்தது, குளூக்கோஸ் ஏற்றினோம். கிருமித் தொற்றுக்கும் ஊசி போட்டார் டாக்டர். உடம்பு சில்லிடுவதே சில சமயம் தொற்றின் அறிகுறிதான். பிழைத்துக்கொண்டான்.

சரி, வழியில் என்ன செய்வது? ஈரத்தைத் துடைத்து, அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து, மேலே கம்பளி போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அப்புறம், பிறந்த உடனே குளிப்பாட்ட என்ன அவசரம்? 24 மணி நேரமாவது போகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.