ஆஸ்துமா, ராணுவம், அப்புறம் அந்த ‘மருந்தில்லாத வருடங்கள்’

ஆஸ்துமா இருப்பவர்கள் ராணுவத்தில் சேரலாமா என்று யாராவது கேட்டால் போதும், உடனே இரண்டு பெயர்கள் வந்து விழும். ஒன்று, பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட். சிறு வயதில் இழுப்பால் தூக்கமில்லாமல் கிடந்தவர், 1898-இல் தன்னார்வப் படையோடு கியூபா போய்ச் சண்டை போட்டார். இன்னொன்று, சே குவேரா.

ரூஸ்வெல்ட் சரி. சேயின் கடைசி வருடத்தைப் படித்தவர்கள் அவரை இந்த விஷயத்தில் உதாரணம் காட்டத் தயங்குவார்கள். 1967-இல் பொலிவியக் காட்டில் கெரில்லாப் போர் நடத்தியபோது அவருடைய ஆஸ்துமா மருந்து தீர்ந்துபோனது. ஜூலையில் அவருடைய ஆட்கள் சமைபாட்டா என்ற சிற்றூருக்குள் புகுந்தார்கள். மருந்து வாங்குவதும் அந்தப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. வாங்கி வந்ததில் அவருக்கு வேண்டியது இல்லை. ஆகஸ்டில், குகையில் பதுக்கி வைத்திருந்த மருந்தும் ராணுவத்தின் கையில் சிக்கியது. அக்டோபரில் அவரே பிடிபட்டார். தோற்றதற்கு ஆஸ்துமாதான் காரணம் என்று சொல்ல வரவில்லை, அதற்கு வேறு பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் ஒருவருடைய மூச்சுக்காகவும் ஒரு சிறு படை ஆபத்தான இடத்துக்குள் போக வேண்டி வந்ததே, ஆள்சேர்ப்பு மருத்துவர்கள் பயப்படுவது அதற்குத்தான். எனக்கும் ஆஸ்துமா உண்டு. இருந்தாலும் அந்தப் பயம் நியாயமானது என்றுதான் சொல்வேன்.

“விளையாட்டு வீரர்களுக்கு ஆஸ்துமா இல்லையா?” என்பது அடுத்த கேள்வி. தாராளமாக இருக்கிறது. பிரிட்டன் ஓட்ட வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் ஆஸ்துமாவோடுதான் 2003-இல் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஆனால் ஓட்டப்பந்தயத்துக்குத் தேதி உண்டு, நேரம் உண்டு. முன்கூட்டியே இன்ஹேலர் எடுத்துக்கொண்டு, உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, தயாராக நிற்கலாம். சிப்பாய்க்கு அந்த வசதி கிடையாது. குளிர்ந்த வறண்ட காற்று, புழுதி, டீசல் புகை, தூக்கமின்மை, முகமூடிக்குள் மூச்சு விடுவது, மூடிய அறையில் கண்ணீர்ப்புகைப் பயிற்சி என்று ஆஸ்துமாவைத் தூண்டிவிடக்கூடிய பலவும் அங்கே பயிற்சியிலும் பணியிலும் வரும். மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கி, எளிதில் சுருங்கும் நிலையில் இருப்பவருக்கு இதில் எது, எப்போது ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் தடை சரிதானே என்று முடித்துவிடலாமா? என்னால் முடியவில்லை. தடையை எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

அமெரிக்க விதியை எடுத்துக்கொள்வோம். 13-ஆவது பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் பொதுவாகத் தகுதியில்லை. விதிவிலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைப்பதும் கிடைக்காததும் அவர்கள் கையில். ஆனால் ‘ஆஸ்துமா’ என்று சீட்டில் எழுதப்பட்ட எல்லோருக்கும் ஆஸ்துமாதானா? கனடாவில் 613 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. எல்லோரும் முந்தைய ஐந்து வருடங்களுக்குள் மருத்துவர் வாயால் ஆஸ்துமா என்று கேட்ட பெரியவர்கள். மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, திரும்பத் திரும்ப நுரையீரலைச் சோதித்தபோது, அவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஆஸ்துமா இருப்பதாகவே தெரியவில்லை. சிலருக்கு அது தணிந்துபோயிருக்கலாம், சிலருக்கு முதலிலேயே தவறாகச் சொல்லியிருக்கலாம். பதின்வயதில் சளியோடு வந்த நாலு நாள் வீசிங்குக்கு அவசரமாக எழுதிய ஒரு வார்த்தை ஒருவருடைய வேலையையே தீர்மானிக்கலாமா? குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி இருக்கிறது, மூச்சுக்குழாய் எவ்வளவு எளிதில் சுருங்குகிறது என்று பார்க்கும் மெத்தகோலின் சோதனை இருக்கிறது, ஓடவிட்டு மூச்சை அளக்கும் சோதனையும் இருக்கிறது. பழைய சீட்டைப் பார்ப்பதைவிட இன்றைய நுரையீரலைப் பாருங்கள் என்கிறேன்.

இதைவிட எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. விதிவிலக்கு என்று வந்தாலும் சரி, வேறு நாடுகளின் விதிகளானாலும் சரி, பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி, “மருந்தே எடுக்காமல் எத்தனை வருடமாக இருக்கிறாய்?” என்பது. ராணுவக் கனவோடு இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது எப்படிக் காதில் விழும்? தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்து, மூச்சு முட்டினாலும் மருத்துவரிடம் போகாதே, பதிவு எதுவும் இருக்கக் கூடாது என்றுதான் விழும். அறிகுறி இல்லாததால் மருந்து வேண்டாம் என்று மருத்துவர் நிறுத்துவது ஒன்று. தேர்வுக்காகத் தானே நிறுத்துவது முற்றிலும் வேறு. உடனடி நிவாரணம் தரும் சல்பியூட்டமால் இன்ஹேலரை மட்டும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சமாளிப்பதும் பாதுகாப்பில்லை. ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் குழு, அந்த நிவாரண மருந்தை மட்டுமே நம்பும் சிகிச்சையை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. காரணம் எளிது: உடனடியாக மூச்சு திறக்கும், உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும்.

மறைத்துவிட்டுச் சேர்வது பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2022-இல் ஆள்சேர்ப்பு மருத்துவ மையங்களுக்கு மின்னணுப் பதிவு முறை வந்த பிறகு, பழைய மருந்துச் சீட்டுகள் திரையில் வந்து நிற்கின்றன. பொய் சொல்லிச் சேர்வது அங்கே ராணுவச் சட்டப்படி குற்றம். அது கிடக்கட்டும், பயிற்சியின் நடுவில் இழுப்பு வந்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கு உங்களுக்கு என்ன ஆகிறதென்றே தெரியாது.

இதில் ஒரு முரண். ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பையைக் குழிகளில் போட்டு எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்காக 2022-இல் அமெரிக்கா பேக்ட் சட்டம் கொண்டுவந்தது. பணியால் வந்ததாகக் கருதி இழப்பீடு தரும் நோய்களின் பட்டியலில், பணிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஆஸ்துமாவும் உண்டு. பணியில் இருக்கும்போதே ஆஸ்துமா வருகிறவர்களையும் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது, என்ன வேலை செய்கிறார் என்று ஆள் ஆளாகப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்குக் காட்டும் அந்த நிதானத்தை, வாசலில் நிற்பவருக்கும் ஏன் காட்டக் கூடாது? எல்லாரும் காலாட்படைக்கா போகிறார்கள்? ரேடார் திரை, கணினிப் பாதுகாப்பு, கணக்கு, சட்டம் என்று எத்தனை வேலைகள்.

விதி மாறும்வரை, கனவோடு இருக்கும் தம்பி தங்கைகளே, நுரையீரல் மருத்துவரிடம் போய் “எனக்கு உண்மையிலேயே ஆஸ்துமா இருக்கிறதா, எழுத்தில் கொடுங்கள்” என்று கேளுங்கள். மருந்தைக் குறைக்க வேண்டுமானால் அவர் சொல்லிக் குறையுங்கள். இல்லை என்று வந்தால் அந்த அறிக்கைதான் விண்ணப்பத்தில் உங்கள் பலம். இருக்கிறது என்று வந்தால், இன்ஹேலரை எடுத்துக்கொண்டே எந்தெந்தப் பணிக்கு விண்ணப்பிக்க முடியும் என்று ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்.