சுளுக்கிய காலில் சுடு எண்ணெய் வேண்டாம்

உடற்பயிற்சிக் கண்காட்சியில் பிள்ளையின் கால் சுளுக்கினால், சுடு எண்ணெய் பூசி உருவிவிட்டு உடனே பயிற்சியைத் தொடரலாம் என்ற செய்தி வன்னிப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. இது தவறு. சுளுக்கில் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் மிகையாக இழுபட்டோ கிழிந்தோ இருப்பதால், முதல் 2, 3 நாள்களுக்குச் சூடும் உருவுதலும் வீக்கத்தைக் கூட்டக்கூடும். காலுக்கு ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 20 நிமிடம் வரை வைத்து, கட்டுப்போட்டு உயர்த்தி வைப்பதே முறையாகும். 4 காலடி எடுத்து வைத்து நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே தேவைப்படலாம். கண்காட்சியில் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்கும் மனிதக் கூம்பில், கீழே நிற்பவரின் கணுக்கால் தளர்ந்தால் மேலே நிற்கும் பிள்ளையும் விழும் என்பதால், வலியோடு யாரையும் நிறுத்தவே கூடாது. பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் அறிவுரையிலும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளிலும் இந்த முதலுதவி முறையைச் சரிபார்க்கலாம். அச்செய்தியைத் தயவுசெய்து இனிப் பகிராதீர்கள்.